ஐந்து பேருக்குத் தனிப் படகு: வாடகைக்குத் தகுமா?

கேள்வி: விடுமுறைக்குக் கடலோர ஊர் ஒன்றுக்கு ஐந்து நாள் போகிறோம். நான், கணவர், 67 வயது மாமியார், 9 வயது மகள், 4 வயது மகன். அங்கே மூன்று தீவுகளைச் சுற்றிக் காட்டும் பெரிய படகு, காலை 9 மணிக்குக் கிளம்பி மாலை 4 மணிக்குத் திரும்புகிறது. ஐம்பது பேர் ஏறுவார்களாம். அதே மூன்று தீவுகளுக்கு எங்களுக்கு மட்டும் வேகப் படகு பேசினால், மதியம் 1 மணி முதல் 5 மணி வரை. வாடகை, பெரிய படகின் 9 டிக்கெட் விலைக்குச் சமம். முதல் தீவு 9 கி.மீ., கடைசித் தீவு 28 கி.மீ. தூரம். மாமியாருக்கு மூட்டுவலி. கணவருக்குத் தனிப் படகில்தான் ஆசை. எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்? - ஒரு வாசகி

பதில்: தனிப் படகே எடுங்கள். ஆனால் அவர்கள் சொல்லும் இந்த மதியத் திட்டம் வேண்டாம்.

முதலில் காசு. மகளுக்கு அரை டிக்கெட், மகனுக்கு டிக்கெட் இல்லை என்று வைத்துக்கொண்டால் பெரிய படகில் உங்கள் குடும்பத்துக்கு ஆகும் செலவு மூன்றரை டிக்கெட். தனிப் படகு 9. இரண்டரை மடங்குக்கு மேல். அதற்கு மேலும் ஏறலாம், ஏனென்றால் "படகு வாடகை" என்பதற்குள் எதெல்லாம் அடங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எரிபொருளைத்தான் முதலில் கேட்க வேண்டும். 150 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 50 லிட்டருக்கு மேல் குடிக்கும். வேகப் படகுகள் பலவற்றில் இப்படி இரண்டு எஞ்சின் இருக்கும். எரிபொருளைத் தனியாகக் கணக்குப் போடுகிறவர்களிடம், திரும்பி வந்த பிறகு அந்தத் தொகை வாடகையோடு போட்டி போடும். கேப்டன் கூலி, தீவு நுழைவுக் கட்டணம், நீர்க் கண்ணாடியும் மூச்சுக்குழாயும், நேரம் தாண்டினால் கூடுதல் கட்டணம் ஆகியவற்றையும் கேட்டு, எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து நேரம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். படகு வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. "30 நாட் போகும்" என்று சொன்னாலும், குழந்தைகளையும் பெரியவரையும் வைத்துக்கொண்டு அலையில் 15 நாட்டுக்கு மேல் ஓட்டுவது நல்லதல்ல. அது மணிக்கு 28 கி.மீ. ஆக, கடைசித் தீவுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஏறி உட்கார்ந்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி, துறையை விட்டு வெளியேற 20 நிமிடம். உங்கள் 4 மணி நேரத்தில் மிஞ்சுவது 1 மணி 40 நிமிடம். மூன்று தீவுக்குப் பிரித்தால் தலைக்கு அரை மணி. நாலு வயதுப் பையனைத் தண்ணீரில் இறக்கி, பயம் தெளிந்து அவன் சிரிக்கத் தொடங்கும்போது கிளம்பச் சொல்லிவிடுவார்கள்.

பெரிய படகு மெதுவாக, 10 நாட்டில் போவதாக வைத்துக்கொள்வோம். போக வர 3 மணி நேரம். ஐம்பது பேரை ஏற்றி இறக்க ஒரு மணி நேரம் கழியட்டும். அப்போதும் 3 மணி நேரம் மிஞ்சுகிறது. இரண்டரை மடங்கு பணம் கொடுத்து, தீவில் இருக்கும் நேரத்தைப் பாதியாக வாங்குகிறீர்கள். உங்கள் மனசு ஒப்பாததில் நியாயம் இருக்கிறது.

மதியம் 1 மணி என்பதும் சரியில்லை. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்கும். பொதுவாக முற்பகலில் கிளம்பி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். காலை 7 மணிக்குக் கண்ணாடி போல் இருந்த கடல் 3 மணிக்குக் குதிக்கும். காற்று 7 முதல் 10 நாட் என்றால் அலை அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும், குடும்பத்தோடு போகலாம். 11 முதல் 16 நாட்டில் அலை ஒரு மீட்டர், வெள்ளை நுரை பரவலாகத் தெரியும். சிறிய படகு ஒவ்வோர் அலையிலும் தூக்கிப் போடும். அதற்கு மேல் போனால் குழந்தைகளோடு சிறிய படகில் ஏறவே கூடாது. முன்னறிவிப்பில் அலையின் உயரத்தோடு, இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி என்றும் பாருங்கள். 10 விநாடிக்கு ஒன்றாக வரும் ஒரு மீட்டர் அலை தொட்டில் போல ஆட்டும். 4 விநாடிக்கு ஒன்றாக வந்தால் அதே ஒரு மீட்டர் முதுகெலும்பை உலுக்கிவிடும்.

பிறகு ஏன் தனிப் படகு என்கிறோம்? "போதும், திரும்பலாம்" என்று சொல்லும் உரிமைக்காகத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறீர்கள். ஐம்பது பேர் இருக்கும் படகில் உங்கள் பையன் வாந்தியெடுத்தாலும், மாமியாருக்கு முடியாமல் போனாலும், மாலை 4 மணி வரை உட்கார்ந்தே ஆக வேண்டும். இரண்டு பேருக்கு இந்த உரிமை பெரும்பாலும் வீண் செலவு. நாலு வயதுக் குழந்தையும் மூட்டுவலிக்காரரும் இருக்கும் குடும்பத்துக்கு அது உண்மையிலேயே பயன்படும். கடலடி உயிர்களையோ டால்பின்களையோ அருகில் பார்க்கலாம் என்பதற்காக மட்டும் தனிப் படகு எடுக்காதீர்கள். அவை எந்தப் படகுக்கும் நேரம் குறித்து வருவதில்லை. துரத்திப் போகும் கேப்டன் நல்ல கேப்டனும் இல்லை.

எனவே அதே படகுக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: காலை 7.30 முதல் 11.30 வரை, முதல் தீவு மட்டும். 9 கி.மீ. தூரத்துக்கு 20 நிமிடம் போதும். ஏறி இறங்கும் நேரம் போக, சுமார் 3 மணி நேரம் தீவிலேயே கிடைக்கும். வெயில் உச்சிக்கு வருமுன், காற்று எழும்பத் தொடங்கும்போது கரைக்கு வந்துவிடலாம். அவருக்கும் ஓட்டம் போக வர 56 கி.மீ.யிலிருந்து 18 கி.மீ. ஆகிறது. எரிபொருள் மூன்றில் ஒரு பங்குதான். வாடகையைக் குறைத்துக் கேட்க இதுவே உங்கள் பிடி. குறைக்க மறுத்தால், அதே விடுதியில் தங்கியிருக்கும் சின்னக் குழந்தைகள் உள்ள இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். முழு வாடகையே என்றாலும் உங்கள் பங்கு நாலரை டிக்கெட் ஆகிவிடும். ஆனால் படகில் ஒட்டியிருக்கும் கொள்ளளவுத் தகட்டைப் பாருங்கள். அதில் உள்ள எண்ணில் படகோட்டிகளும் சேர்த்தி. மடியில் இருக்கும் குழந்தையும் ஓர் ஆள்தான்.

மாமியாரைப் பொறுத்தவரை, ஏறுவதும் இறங்குவதும்தான் உண்மையான சோதனை. படகுத்துறையிலிருந்து நேராகக் கால் வைத்து ஏறலாமா, இல்லை இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து ஏணியில் தொற்ற வேண்டுமா? தீவில் துறை உண்டா? இரண்டு பக்கமும் துறை இருந்தால் மட்டும் அவரை அழைத்துச் செல்லுங்கள். ஏணியின் கடைசிப் படிகள் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நீந்தி வரும் உங்களாலேயே ஏற முடியாது. வேகப் படகில் முன்பக்கம் உட்கார வைக்கவே வேண்டாம். அலையில் விழும் அடி முழுவதும் அங்கேதான் இறங்கும். வயதானவர்களுக்கு முதுகெலும்பு முறிவதும் உண்டு. நடுவிலிருந்து பின்பக்கம் வரை நல்ல இடம். முதுகுத் தொல்லை இருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ வேகப் படகையே தவிர்க்க வேண்டும்.

சிறிய படகுகளில் கழிப்பறை இருக்காது. நிழல் கூரையும் பாதிப் படகுக்குத்தான் இருக்கும். படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

பயண மயக்கம் 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளைத்தான் அதிகம் படுத்தும். மாத்திரை கொடுப்பதானால் கிளம்புவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே, வயதுக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு கொடுக்கும் மாத்திரை வயிற்றில் தங்காது. போனைக் கையில் கொடுக்காதீர்கள். தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டில் சமரசமே கூடாது. பிள்ளைகளின் எடையை முன்கூட்டியே சொல்லி, அந்த அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். மகனுக்கு மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும். கால்களுக்கு இடையே போகும் பட்டை இருந்தால் மிக நல்லது. தண்ணீரில் யாராவது இருக்கும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். "நியூட்ரலில்தான் இருக்கிறது" என்பதை ஏற்காதீர்கள். கை தவறிக் கியர் விழுந்தால் ப்ரொப்பெல்லர் சுழலும். எஞ்சின் ஓடும்போது பிள்ளைகளைப் பின்விளிம்பில் உட்கார விடவும் வேண்டாம், புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. ரேடியோ, தீயணைப்பான், கேப்டனின் உரிமம், பயணிகள் காப்பீடு நான்கையும் கேளுங்கள். முகம் சுளிக்கிறவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

பெரிய படகே சரியாக வரும் சூழலும் உண்டு. மகள் மூன்று தீவும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அவளும் கணவரும் அதில் போகட்டும். ஒன்றரை டிக்கெட்தான். கழிப்பறை, கூரை இரண்டும் இருக்க வாய்ப்பு அதிகம், ஆட்டமும் குறைவு. நீங்கள் பையனோடும் மாமியாரோடும் கரையில் இருக்கலாம். இதைக் கணவரிடம் சொல்லிப் பாருங்கள்.

முன்பணம் கட்டுமுன் வானிலை சரியில்லை என்றால் யார் முடிவெடுப்பது, பணம் திரும்புமா அல்லது நாள் மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "மழை பெய்தால் ரத்து" என்று மட்டும் இருந்தால் போதாது, காற்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். படகுப் பயணத்தை விடுமுறையின் இரண்டாம் நாளில் வையுங்கள். அன்று காற்று அடித்தால் தள்ளிப்போட இன்னும் மூன்று நாள் கையில் இருக்கும்.