வரி கட்டாமல் போராடலாமா?

கேள்வி: கோவை மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் குடியிருக்கிறோம். 2022-க்கு முன் எங்கள் வீட்டுக்கு அரையாண்டு சொத்து வரி 810 ரூபாய். அந்த ஆண்டு உயர்வில் 1,215 ஆனது. இப்போது மறுபடியும் அளந்து, 1,150 சதுர அடி வீட்டை 1,290 என்று எழுதி, 1,600-க்கு மேல் கேட்கிறார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போட அமைத்த தகரக் கூரையையும் சேர்த்துவிட்டார்கள். தெருவில் பல வீடுகளுக்கு இதே கதை. "யாருமே வரி கட்ட வேண்டாம்" என்று குடியிருப்போர் சங்கத்தில் பேசுகிறார்கள். இது சட்டப்படி சரியா? - ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. அந்த முடிவை எடுக்க விடாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கட்டாமல் விட்டால் முதலில் அடிபடுவது நீங்கள்தான். நிலுவைக்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி ஏறும், அப்புறம் நோட்டீஸ் வரும், அதற்கும் மேல் ஜப்தி வரை போக நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. சங்கத்தில் கை தூக்கியவர்கள் அன்றைக்கு உங்கள் வாசலில் நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. வரி வீதம் அதிகம் என்பது ஒன்று. உங்கள் வீட்டைத் தப்பாக அளந்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் போக வேண்டிய இடம் வேறு.

அளவைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் ஜெயிக்கக் கூடியது அதுதான். 2022 அரசாணைப்படி, சென்னை தவிர்த்த நகரங்களில் 600 சதுர அடி வரையான வீடுகளுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு வந்தது. உங்கள் வீடு 1,150. கூடுதலாகச் சேர்த்த அந்த 140 சதுர அடி உங்களை 1,200-க்கு மேலே தள்ளிவிட்டது. பரப்பு கூடியதற்கு ஒரு வரி, 50 சதவீதம் 75 ஆனதற்கு இன்னொரு வரி என்று இரண்டு பக்கமும் அடி விழுந்திருக்கிறது. நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரையை வீட்டின் கட்டடப் பரப்பில் சேர்த்தது எப்படி என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆகவே ஒரு பொறியாளரை வைத்து வீட்டை அளந்து வரைபடம் வாங்குங்கள். மாடியைப் போட்டோ எடுங்கள். அப்ரூவல் பிளான் நகல், பழைய வரி ரசீது எல்லாவற்றையும் சேர்த்து, நோட்டீஸில் உள்ள கெடுவுக்குள் ஆணையருக்கு எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுங்கள். பில் கலெக்டரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் வீட்டின் அளவீட்டுத் தாளைக் கேளுங்கள். எந்த மண்டலம், கூரை என்ன வகை, கட்டடத்தின் வயது என்ன என்று எழுதியிருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். 30 நாளில் பதில் தர வேண்டும். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி மனு போட வேண்டும். நாற்பது பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவை ஓரமாக வைப்பது சுலபம். அந்தந்த வீட்டின் அசெஸ்மென்ட் நம்பரோடு (வரி விதிப்பு எண்) நாற்பது மனு வந்தால் நாற்பதுக்கும் பதில் எழுதியாக வேண்டும்.

இதற்கிடையில், சச்சரவு இல்லாத பழைய தொகையையாவது "ஆட்சேபத்துக்கு உட்பட்டு" என்று கடிதம் கொடுத்துக் கட்டிவிடுங்கள். மேல்முறையீட்டுக்குப் போனால் வரி ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சரி, வீதத்துக்கு வருவோம். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் வரி வசூலிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265-வது பிரிவு. இங்கே அந்த அதிகாரம் இருக்கிறது. சென்னை, கோவை மாநகராட்சிகளின் உயர்வை எதிர்த்த வழக்குகளில், உயர்வு செல்லும் என்றே 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதனால் வீதத்துக்காக வழக்குப் போட்டுப் பணத்தைக் கரைக்க நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் மக்கள் குரலுக்குப் பலன் இல்லாமல் இல்லை. 2018-இல் ஏற்றிய சொத்து வரியை, எதிர்ப்பு வலுத்த பிறகு, 2019 நவம்பரில் அரசே நிறுத்திவைத்தது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அந்தத் தொகையைப் பின்னால் வரும் வரியில் ஈடுசெய்வதாகவும் அறிவித்தது. ரசீது வைத்திருந்தவர்கள் உரிமையோடு கேட்க முடிந்தது. உங்கள் சங்கத்தின் பலத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். வார்டு கவுன்சிலரை நேரில் பாருங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் தெருவே போய் உட்காருங்கள், பேசியது நடவடிக்கைக் குறிப்பில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். வரியைக் குறைக்கும்படி அரசைக் கேட்டு நகர்மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த தேதியைக் கடிதத்தில் எழுதவில்லை. கெடு அதிலிருந்துதான் ஓடும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.