டெமோ டேக்கு போறீங்களா? உங்க கேமரா பாடியையும் ஒரு இன்ச் டேப்பையும் எடுத்துட்டு போங்க

கேள்வி: அண்ணா, நான் பெங்களூர் அல்சூர்ல இருக்கேன். போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல லைக்கா எம் 240 கேமரா வாங்கினேன், கூட ஒரு பழைய 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ் இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடைல ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் டெமோ டே. ஃபோக்ட்லாண்டர் நாக்டன் 35 எஃப் 1.4, 50 எஃப் 1.2 ரெண்டையும் மாட்டி பாக்கலாமாம், ஆளுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் குடுப்பாங்க. அன்னைக்கே புக் பண்ணா ரேட்டு குறையும், பில் வேணாம்னா இன்னும் குறையும்னு ஃபோன்ல சொன்னாங்க. அந்த பத்து நிமிஷத்துல நான் எதை பாக்கணும்? பில் விஷயத்துல என்ன பண்ணட்டும்?

பதில்: தம்பி, டேபிள்ல அவங்களே புது பாடி ஒண்ணுல லென்ஸ மாட்டி வெச்சிருப்பாங்க, கைல குடுப்பாங்க, ரெண்டு படம் எடுத்து ஸ்க்ரீன்ல பாத்தா அள்ளும். அந்த படத்த நம்பி காச எடுக்காதீங்க. உங்க 240-யும் உங்க மெமரி கார்டும் கைல இருக்கணும், "என் பாடில மாட்டி பாக்கலாமா"ன்னு முன்னாடியே ஃபோன் பண்ணி கேட்டுக்கோங்க, மாட்டேன்னு சொன்னா அந்த கடைல சும்மா பாத்துட்டு வர்றதோட நிறுத்திக்கலாம்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ரேஞ்ச்ஃபைண்டர் கேமரால நீங்க லென்ஸ் வழியா பாக்குறதே இல்ல, வியூஃபைண்டர்னு தனியா இருக்குற ஜன்னல் வழியாதான் பாக்குறீங்க. லென்ஸ கழட்டிட்டு மவுண்டுக்குள்ள, அதாவது லென்ஸ் மாட்டுற வாய்க்குள்ள, மேல் பக்கமா எட்டிப் பாருங்க, ஒரு குட்டி உருளை தெரியும். லென்ஸோட பின்பக்கத்து வளையம் அந்த உருளைய தள்ளுது, அது எவ்ளோ தள்ளுதோ அதுக்கு ஏத்த மாதிரி வியூஃபைண்டர் நடுவுல ரெண்டா தெரியுற உருவம் நகர்ந்து ஒண்ணா சேருது, அவ்ளோதான் ஃபோகஸ். உருளையோ வளையமோ ரெண்டுல ஒண்ணு மயிரிழை தள்ளி இருந்தாலும் கண்ணுக்கு சேந்த மாதிரி தெரியும், படத்துல சேந்திருக்காது. 1954-ல லைக்கா எம்3 வந்ததுல இருந்து இதே ஏற்பாடுதான். ஃபோக்ட்லாண்டர் பேர்ல ஜப்பான்ல கொசினா செய்யுற லென்ஸும் இப்ப வர்ற சைனா லென்ஸும் இதே உருளையதான் தள்ளணும். 50 எஃப் 1.2-வ ஃபுல்லா திறந்து (எஃப் நம்பர் கம்மியாக ஆக லென்ஸ் அதிகமா திறக்குதுன்னு அர்த்தம்) 0.7 மீட்டர்ல ஒரு முகத்த எடுத்தா ஷார்ப்பா நிக்கிற ஆழம் ஒன்றரை சென்டிமீட்டர் கூட வராது, மூக்கு நுனி வந்தா கண்ணு போயிடும்.

எனக்கு நடந்தத சொல்றேன். கொஞ்ச வருஷம் முன்னாடி வேற ஒரு கடைல டெமோ பீஸ என் பாடில மாட்டி பாத்தேன், அருமையா இருந்துச்சு, உடனே பணத்த கட்டிட்டேன், அவங்க உள்ள போய் சீல் பாக்ஸ் ஒண்ணு எடுத்துட்டு வந்து குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து பொண்ண எடுத்தா எல்லா படத்துலயும் காது பளிச்சுன்னு இருக்கு, காதுல இருந்த கம்மல்ல கல்லு கல்லா எண்ணலாம், கண்ணு மட்டும் மங்கல். என் கைதான் ஆடுதுன்னு நெனச்சு ஒரு வாரம் போச்சு. அப்புறம் டைனிங் டேபிள்ல டேப் வெச்சு பாத்தா ஒரு மீட்டர் தூரத்துல நாலு சென்டிமீட்டர் பின்னாடி போய் உக்காருது. கடைல கேட்டா உங்க பாடிதான் அவுட்டுன்னாங்க, அதே பாடில என் பழைய லென்ஸ் கரெக்டா இருக்குன்னு படத்தோட காமிச்சு, எல்லாத்தையும் எழுத்துல அனுப்பி, மாத்திக் குடுக்க மூணு வாரம் ஆச்சு. நான் டெஸ்ட் பண்ணது ஒரு பீஸ், வீட்டுக்கு தூக்கிட்டு வந்தது வேற பீஸ்.

அதனால டெய்லர் வெச்சிருக்குற இன்ச் டேப் ஒண்ணு பாக்கெட்ல போட்டுக்கோங்க. டேபிள்ல நீளமா விரிச்சு, சாய்வா மேல இருந்து முக்கால் மீட்டர் தூரத்துல ஏதாவது ஒரு நம்பர் மேல ஃபோகஸ் பண்ணுங்க. ஃபுல் ஓப்பன்ல மூணு படம், ஒவ்வொரு தடவையும் ரிங்க ஒரேயடியா திருப்பி விட்டுட்டு திரும்ப சேக்கணும். அப்புறம் எஃப் 2, 2.8, 4-ல அதே மாதிரி. கடைசியா லைவ் வியூ, அதாவது லென்ஸ் வழியா வர்றத பின் ஸ்க்ரீன்ல காட்டுறத, போட்டு பெருசாக்கி ஃபோகஸ் பண்ணி ஒண்ணு (எம் வரிசைல லைவ் வியூ வந்ததே உங்க 240-லதான், அது உங்களுக்கு நல்லதா போச்சு). லைவ் வியூ படம் ஷார்ப், ரேஞ்ச்ஃபைண்டர் படம் மூணும் ஒரே பக்கமா தள்ளி இருக்குன்னா லென்ஸ் கண்ணாடில கோளாறு இல்ல, உருளையும் வளையமும் ஒத்துப் போகலன்னு அர்த்தம். உடனே உங்க பழைய 50-ய மாட்டி அதே டேப்ப எடுங்க, அது சரியா உக்காந்தா சந்தேகம் புது லென்ஸ் மேலதான், அதுவும் தள்ளி இருந்தா பாடிய சர்வீஸ்ல காமிக்கணும். ஃபுல் ஓப்பன்ல கரெக்டா இருந்து எஃப் 2.8-ல பின்னாடி நகருதுன்னா அது ஃபோகஸ் ஷிஃப்ட், சில டிசைன்ல கூடப்பொறந்தது, ட்சைஸ் கம்பெனியோட "சி சோனார்" 50 எஃப் 1.5 லென்ஸ்ல இது பிரசித்தம். அதுக்கு ரிப்பேர் கிடையாது, பழகிக்கணும் இல்ல வேற லென்ஸ் பாக்கணும்.

நேரம் மிச்சம் இருந்தா வெளிய எம்.ஜி. ரோடு பக்கம் வந்து உயரமா நிக்கிற யுட்டிலிட்டி பில்டிங் உச்சி விளிம்ப, ரிங்க இன்ஃபினிட்டி (தூரக் கடைசி) குறில வெச்சு பாருங்க, ரெண்டு உருவமும் கச்சிதமா ஒண்ணு மேல ஒண்ணு விழணும். 50 எஃப் 1.2 குண்டு லென்ஸ், முன்னாடி ஹுட் (வெளிச்ச மறைப்பு) போட்டா வியூஃபைண்டர்ல வலது கீழ் மூலைய மறைக்கும், அது உங்களுக்கு ஒத்துவருமான்னு அங்கயே தெரிஞ்சுடும். என்னைக் கேட்டா தெருவுல எடுக்குற ஆளுக்கு 35-தான் சுகம். அந்த 35-ல எஸ்சி, எம்சின்னு ரெண்டு வகை வரும், லென்ஸ் கண்ணாடி மேல பூசுற சிங்கிள் கோட்டிங், மல்டி கோட்டிங், எதிர் வெளிச்சத்துல ரெண்டும் வேற வேற மாதிரி நடந்துக்கும், எது வேணும்னு சொல்லி வாங்குங்க.

இப்ப காசு விஷயம். டெஸ்ட் பண்ணி தேறுன பீஸையே பேக் பண்ண சொல்லுங்க. சீல் பாக்ஸ்தான் தருவோம்னா பணம் கட்டுறதுக்கு முன்னாடி அங்கயே பிரிச்சு அதே டேப் டெஸ்ட்ட திரும்ப பண்ணுங்க, ரெண்டுக்கும் ஒத்துக்கலன்னா அட்வான்ஸ் கூட போடாதீங்க. பில் இல்லாம மட்டும் வாங்கவே வாங்காதீங்க. லென்ஸுக்கு ஜிஎஸ்டி 18 பர்சன்ட், அது மிச்சம்னு ஆசையா இருக்கும், ஆனா நாளைக்கு வளையம் தள்ளி இருந்தா எந்த பேப்பர காமிச்சு கேப்பீங்க? பில் தராம இருக்குறதே 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல நியாயமற்ற வர்த்தகம்தான். கோளாறான பொருள பில்லுல போட்ட கெடுவுக்குள்ள, கெடு எதுவும் போடலன்னா 30 நாளைக்குள்ள, திரும்ப எடுத்துக்க மாட்டேன்னு சொல்றதும் அதே சட்டத்துல அதே குத்தம். பில்லுல சீரியல் நம்பர் ஏறணும். பாக்ஸ்ல இம்போர்ட்டர் பேரு, அட்ரஸ், எந்த நாட்டு தயாரிப்பு, எம்ஆர்பி ஒட்டியிருக்கணும், அந்த ஸ்டிக்கர் இல்லன்னா அது கிரே மார்க்கெட் சரக்கா, அதாவது கம்பெனியோட முறையான இம்போர்ட்டர் வழியா வராததா, இருக்கலாம், வாரன்டிய இங்க யாரும் ஏத்துக்க மாட்டாங்க. பிரச்சனைன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு அடிங்க, அதுலயும் தீரலன்னா நீங்க இருக்குற ஊர் நுகர்வோர் கமிஷன்லயே கேஸ் போடலாம், குடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது.

கேள்வி: என்கிட்ட சோனி ஏ7 கேமரா இருக்கு. அடாப்டர் போட்டு மாட்ட லைக்கா எம் மவுண்ட் 21 லென்ஸ் வாங்கலாமா? டெமோல கேட்டா எல்லாம் செட் ஆகும்னு சொல்றாங்க. (ஜெயநகர்)

பதில்: மாட்டுறதுக்கு செட் ஆகும். எம் மவுண்டுக்கு சென்சார் தூரம் 27.8 மி.மீ., சோனிக்கு 18, நடுவுல இருக்குற கிட்டத்தட்ட 10 மி.மீ. இடத்துல அடாப்டர் உக்காந்துக்கும். சிக்கல் சென்சாருக்கு முன்னாடி இருக்குற கண்ணாடில. சோனில அது லைக்காவ விட தடிமன், வைட் லென்ஸ்ல பின் கண்ணாடி சென்சார ஒட்டி வர்றதால ஓரத்துக்கு வெளிச்சம் ரொம்ப சாஞ்சு வந்து விழும், மூலையெல்லாம் கொழகொழன்னு ஆகி சிலதுல ஊதா நெறம் ஏறும். 50-க்கு மேல பெரும்பாலும் தொந்தரவு இல்ல. உங்க பாடில மாட்டி ஒரு செங்கல் சுவர நேரா எடுங்க, நாலு மூலையும் பெருசாக்கி பாருங்க. மூலை போச்சுன்னா ஃபோக்ட்லாண்டர் சோனியோட இ மவுண்டுக்குன்னே தனியா செய்யுற 21 எஃப் 1.4 இருக்கு, அத பாருங்க.

கேள்வி: கண்ணாடி போட்டிருக்கேன், 28 லென்ஸ் வாங்கினா ஃப்ரேம் முழுசா தெரியுமா? (சிவாஜிநகர்)

பதில்: 0.72 மடங்கா காட்டுற ரேஞ்ச்ஃபைண்டர் வியூஃபைண்டர்ல, படத்தோட எல்லைய காட்டுற 28 ஃப்ரேம் கோடு ஓரத்த கண்ணாடியோட பாக்க கண்ண அங்க இங்க உருட்டணும், 35 ஓரளவு பரவால்ல. தினம் போடுற அதே கண்ணாடிய போட்டுட்டு போய் பாருங்க. ஃப்ரேம் கோடு பாக்க லென்ஸே தேவையில்ல, பாடி முன்னாடி இருக்குற குட்டி லீவர தள்ளுனா 28 கோடு வந்துடும், வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். டிஜிட்டல் பாடி சிலதுல அந்த லீவர் இருக்காது, அதுல மட்டும் லென்ஸ மாட்டித்தான் பாக்கணும்.