காற்றால் பிரஷர் டெஸ்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குழாய் லைனில் அழுத்தம் ஏற்றிக் கசிவும் உறுதியும் பார்ப்பதுதானே பிரஷர் டெஸ்ட்? உள்ளே நிரப்புவது தண்ணீரோ காற்றோ, கேஜ் (அழுத்தமானி) காட்டுவது அதே 10 பார் அழுத்தம்தானே? காற்றுக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

கேஜ் அழுத்தத்தைத்தான் காட்டும். உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றலைக் காட்டாது. 1 கனமீட்டர் தண்ணீரை 10 பாருக்கு ஏற்றினால் அது சுருங்குவது அரை லிட்டர்கூட இல்லை. குழாய் முனையின் மூடி பிய்த்துக்கொண்டாலும் அந்த அரை லிட்டர் வெளியேறியதும் அழுத்தம் விழுந்துவிடும். காற்றோ பத்து மடங்குக்கு மேல் விரியும்; கழன்ற மூடியை விடாமல் தள்ளிக்கொண்டே போகும். தண்ணீரில் சேரும் ஆற்றல் சுமார் 230 ஜூல். காற்றில் ஏறக்குறைய 13.6 லட்சம் ஜூல், அதாவது 300 கிராம் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். 4 அங்குலக் குழாயின் மூடியை 10 பார் அழுத்தம் 800 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தள்ளுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கொள்ளளவு இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும். எனவே அழுத்தம் குறைவு என்பதற்காக மட்டும் நீளமான, பெரிய லைனை லேசாக எண்ண வேண்டாம்.

அப்படியானால் எப்போதுதான் காற்றில் சோதிப்பது?

தண்ணீரின் எடையைத் தாங்கிகள் தாங்காதபோது, அல்லது உள்ளே ஈரம் தங்கவே கூடாதபோது. குளிர்பதன லைன்கள் இரண்டாவது வகை. "தண்ணீர் வடிக்க நேரமாகும்" என்பது காரணமே அல்ல.

அழுத்தத்தை எப்படி ஏற்றுவது?

ஏஎஸ்எம்இ பி31.3 என்ற குழாய் அமைப்பு விதிப்படி ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீரில் சோதனை), லைன் எந்த அழுத்தத்துக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் 1.5 மடங்கு; காற்றில் குறைந்தது 1.1 மடங்கு, உச்சம் 1.33 மடங்கு. முதலில், அழுத்தம் மீறினால் தானே திறந்து வெளியேற்றும் ரிலீஃப் வால்வு. சோதனை அழுத்தத்துக்கு மேல் அதில் 10 சதவீதம் அல்லது 3.45 பார், எது குறைவோ அதற்குள் அது திறக்க வேண்டும். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் வாயுவை ஏற்றினால், அதன் சிலிண்டரில் 150, 200 பார் இருக்கும். அதைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் பழுதானால் லைனைக் காப்பது இந்த வால்வு ஒன்றுதான். அதற்கு முன்னால் அடைப்பு வால்வு எதுவும் இருக்கக் கூடாது.

பிறகு 1.7 பார் அல்லது சோதனை அழுத்தத்தில் பாதி, எது குறைவோ அங்கே நிறுத்திக் கசிவு பாருங்கள். மறந்துபோன கேஸ்கெட், இறுக்காத போல்ட் எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். அதன்பின் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சற்று நிறுத்துங்கள். உச்சத்தில் குறைந்தது 10 நிமிடம். அப்போது யாரும் லைனருகே போகக் கூடாது. கேஜும் ஏற்றும் வால்வும் ஆள் நுழையக் கூடாத அந்த எல்லைக்கு வெளியேதான். சோப்பு நுரையோடு நெருங்குவது, வடிவமைப்பு அழுத்தத்துக்கு இறக்கிய பிறகு.

ஃபிளேஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் குழாய் விளிம்பில்) குமிழி வந்தால் போல்டை அப்படியே இறுக்கலாமா?

கூடாது. முழுக்க இறக்கிவிட்டு இறுக்குங்கள். அழுத்தத்தோடு ஸ்பேனர் போடுவது, வெல்டைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது இரண்டும் உயிரோடு விளையாடுவது.

மாலையில் 10 பார் வைத்தோம், காலையில் 9.65. கசிவா?

வெப்பநிலையைக் குறித்தீர்களா? வாயு 35 டிகிரியிலிருந்து 25-க்கு இறங்கினாலே 10 பார் சுமார் 9.64 ஆகிவிடும். கேஜ் அளவோடு வெளிக்காற்றின் அழுத்தமான 1 பார் கூட்டி, வெப்பநிலையைக் கெல்வினில் வைத்துக் கணக்கிட வேண்டும். உங்கள் எண்கள் இதனோடு பொருந்தினால் கசிவென்று சொல்ல முடியாது. நுரை போட்டு உறுதி செய்யுங்கள்.

நைட்ரஜன் கிடைக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டர் போதுமா?

வேண்டவே வேண்டாம். குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தீப்பிடித்து வெடிக்கும். நைட்ரஜனுக்கும் ஒரு ஆபத்து உண்டு: மூடிய அறையிலோ பள்ளத்திலோ வெளியேற்றினால், வாசனை எதுவும் தராமலே மூச்சை நிறுத்திவிடும்.

பிவிசி குழாயில்?

அழுத்தக் காற்று கூடாது. பிவிசி உடைந்தால் கூரிய சில்லுகளாகச் சிதறும்.

நாங்கள் ஹைட்ரோ டெஸ்ட்தான் செய்கிறோம். கவலையில்லைதானே?

மேட்டுப்புள்ளிகளில் வென்ட் (காற்றை வெளியேற்றும் திறப்பு) திறந்து நிரப்பினீர்களா? 1,000 லிட்டர் லைனில் 50 லிட்டர் காற்று தங்கினால், 10 பாரில் அந்தக் காற்று மட்டுமே சுமார் 6,200 ஜூலைத் தேக்கி வைத்திருக்கும். பம்பை நெடுநேரம் அடித்தும் கேஜ் முள் மெதுவாகவே ஏறுகிறதென்றால் உள்ளே காற்று இருக்கலாம். அங்கேயே நிறுத்தி, இறக்கி, வென்ட்டைத் திறந்து மறுபடி நிரப்புங்கள்.