நெல்லைப் போல நிற்கும் புல்

அன்புள்ள ஐயா,

என் அம்மா நாற்பது வருஷமாகக் களை எடுப்புக்குப் போகிறவர். நெல்லுக்குள் முளைக்கும் குதிரைவாலிப் புல்லைப் பற்றி, "அது நெல்லைப் பாத்துப் பாத்தே அது மாதிரி நிக்கக் கத்துக்கிச்சு" என்பார். இயற்கை செய்தால் இயற்கைத் தேர்வு, மனிதன் தனக்கு வேண்டியதைத் தேர்ந்து வளர்த்தால் செயற்கைத் தேர்வு என்று பள்ளியில் படித்த என் மகன், "அப்போ இந்தப் புல் எதுல சேரும்?" என்று கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புல்லுக்குக் கற்றுக்கொள்ளும் புத்தி உண்டா?

ஒரு வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா பார்த்தது சரி. அந்தப் புல் நெல்லைப் போல ஆகித்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் புல்லும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுத்தது என்று சொல்வதானால், களை எடுத்த கைகளைத்தான் சொல்ல வேண்டும்.

வயலில் முளைக்கும் குதிரைவாலிப் புல் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது இல்லை. சிலதுக்கு அடித்தண்டு சிவந்திருக்கும், தூர் அகல விரியும், இலை தொங்கும். சிலது பச்சைத் தண்டோடு நெல்லைப் போல நிமிர்ந்து நிற்கும். இந்த வேறுபாடு பிறப்பிலேயே உள்ளது. குனிந்து வரிசையாகப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது சிவப்புத் தண்டு. அதைப் பிடுங்கி வரப்பில் போட்டாயிற்று. கண்ணுக்குத் தப்பியது கதிர் விட்டு, அறுப்புக்கு முன்பே விதையை உதிர்த்துவிடும். அடுத்த போகத்தில் முளைப்பதில் தப்பியவற்றின் பிள்ளைகளே அதிகம். இதையே நூற்றுக்கணக்கான வருஷங்கள் செய்தால் என்ன ஆகும்?

சீனாவில் யாங்சி ஆற்றுப் பகுதியின் புற்களை எடுத்து மரபணுவைப் படித்திருக்கிறார்கள். 2019-இல் ஆய்வு வெளிவந்தது. நெல்லைப் போல நிமிர்ந்து நிற்கும் வகை அங்கே தோன்றியது சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால். சோங் அரசர்கள் காலம். மக்கள்தொகை பெருகி, நெல் சாகுபடி மும்முரமான காலம். தேர்வின் தடயம் தெரிந்த மரபணுக்களில் ஒன்று, தூர் எவ்வளவு விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது. களை எடுத்தவர்களின் பார்வை ஒரு செடியின் மரபணுவில் பதிந்திருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இப்படிப் பயிரைப் போல மாறும் களைகளுக்கு நிக்கோலாய் வவிலோவ் என்ற ரஷ்ய அறிஞரின் பெயரை வைத்திருக்கிறார்கள். கோதுமை வயலில் களையாக இருந்த ரை என்ற தானியப் புல், கோதுமையைப் போலவே ஆகி, கடைசியில் தானும் ஒரு பயிராகிவிட்டது என்று விளக்கியவர் அவர். பசியைப் போக்குவதற்காக உலகமெல்லாம் விதை தேடி அலைந்த அந்த மனிதர், 1943-இல் ஸ்டாலின் ஆட்சியின் சிறையில் பட்டினியில் செத்தார்.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் காலத்து மத்திய மாகாணங்களில் (இன்றைய மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம்) காட்டு நெல்லின் தொல்லை தாங்காமல், ஊதா இலை கொண்ட நெல் ரகத்தை விதைத்தார்கள். பச்சையாக இருப்பதைப் பிடுங்கிவிடலாம் என்பது திட்டம். பயிரின் மகரந்தம் காட்டு நெல்லிலும் சேர்ந்தது. கலந்து பிறந்த ஊதாச் செடிகள் களை எடுப்பில் தப்பின. அப்புறம் காட்டு நெல்லும் ஊதா நிறத்திலேயே வர ஆரம்பித்துவிட்டது.

சரி, உங்கள் மகனின் கேள்வி. தேர்ந்தது மனிதக் கை. ஆகவே நான் இதைச் செயற்கைத் தேர்வின் பக்கம்தான் வைப்பேன். ஆனால் 'தனக்கு வேண்டியதை' என்ற நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். நெல்லைப் போன்ற களை வேண்டும் என்று யார் கேட்டார்கள்? எது விதை விடும், எது விடாது என்பதை ஒருவர் தீர்மானித்தாலே போதும், தேர்வு நடந்துவிடும். நாம் பொங்கித் தின்னும் குதிரைவாலியும் இந்தப் புல்லின் நெருங்கிய சொந்தம்தான். அதில் விதை உதிராத கதிரை மனிதர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி விதைத்தார்கள். வயலில் ஒளிந்த சொந்தத்துக்கோ விதை உதிர்வதே பிழைப்பு.

மகனை அம்மாவோடு வயலுக்கு அனுப்புங்கள். இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெல்லில் வெள்ளைச் சவ்வும் மயிர் முளைத்த சின்னக் காதுகளும் இருக்கும். புல்லில் இரண்டும் இருக்காது. குனிந்து வேகமாகப் போகும் கண்ணுக்கு இது எட்டாது என்பதால், அந்த அடையாளம் மாறாமலே நிற்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். களைக்கொல்லி உருவத்தைப் பார்ப்பதில்லை, அதனால் புல்லின் வேஷம் அதனிடம் பலிக்காது. புரோபனில் என்ற மருந்து புல்லைக் கொல்லும்; நெல் அதைத் தன் நொதியால் உடைத்துத் தப்பும். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநில வயல்களில் அதையே திரும்பத் திரும்ப அடித்தார்கள். அங்கே சாகாமல் நின்ற புற்களைச் சோதித்தபோது, அவையும் நெல்லைப் போலவே அந்த மருந்தை உடைப்பது தெரிந்தது.