தாத்தாவின் துப்பாக்கியை வீட்டுப் பட்டறையில் நானே சரிசெய்யலாமா?

கேள்வி: கோவைக்கு அருகில் வீட்டோடு சேர்ந்த லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் தாத்தா உரிமத்துடன் வைத்திருந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலமானதிலிருந்து பரணில் கிடக்கிறது. ஒரு குழலின் ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் ஊசி) உடைந்துவிட்டது, பின்கட்டையிலும் விரிசல். ஓய்வு நேரத்தில் நானே சரிசெய்து கூடத்தில் மாட்டி வைக்க விரும்புகிறேன். சுடும் எண்ணம் இல்லை. இதில் சட்டச் சிக்கல் உண்டா? உரிமம் வாங்கித் தருவதாக ஒரு தரகரும் சொல்கிறார்.

பதில்: சிக்கல் உண்டு, அதுவும் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5ஆம் பிரிவில், துப்பாக்கி தயாரிப்பது, மாற்றியமைப்பது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது ஆகிய அனைத்துக்கும் அதற்கென்று தனி உரிமம் வேண்டும் என்கிறது. துப்பாக்கி உங்களுடையதா, கூலி வாங்கினீர்களா, சுடும் எண்ணம் இருந்ததா என்பதையெல்லாம் அது கேட்பதில்லை. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரையிலும் போகலாம். கள்ளத் துப்பாக்கி செய்து விற்பவரை மனத்தில் வைத்து எழுதிய தண்டனைதான் அது. ஆனாலும் பொழுதுபோக்குக்காகச் செய்பவருக்கென்று சட்டத்தில் தனி வழி எதுவும் வைக்கப்படவில்லை.

வீட்டிலேயே துப்பாக்கி செய்வதையும் சரிசெய்வதையும் காட்டும் இணையக் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருபவை. சொந்த உபயோகத்துக்காக ஒருவர் வீட்டில் துப்பாக்கி செய்துகொள்வதை அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. நம் சட்டத்திலோ, ‘ஆயுதம்’ என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே ஆயுத உதிரிபாகங்களும் அவற்றைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்குகின்றன. ஆகவே யாரோ ஒருவர் கூரியரில் அனுப்பும் பின்னை, ஸ்ப்ரிங்கை வாங்கிப் பொருத்துவது ‘வெறும் பாகம்தானே’ என்று தப்பிவிடாது.

‘ஓடாத துப்பாக்கிக்கு உரிமம் எதற்கு’ என்று உங்களுக்குச் சிலர் சொல்லியிருப்பார்கள். 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருப்பது உண்மை. வழக்கொழிந்த மாதிரியாகவோ, தொன்மை மதிப்புள்ளதாகவோ, பழுதடைந்ததாகவோ இருந்து, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாத ஆயுதத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதே அந்த விலக்கு. இதில் ‘பழுதுபார்த்தாலும்’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள். துருவேறிக் குழல் அடைத்து, இணைப்புகள் அற்றுப்போன இரும்புத்துண்டு ஒன்றுக்கு இது பொருந்தலாம். உங்களுடையதில் உடைந்திருப்பது ஒரு பின் மட்டுமே; லேத் வைத்திருக்கும் நீங்களே அதைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் எழுதுகிறீர்கள். அதாவது, விலக்கு பொருந்தாது என்பதற்கு உங்கள் கைத்திறனே சாட்சி. இரண்டாவது குழலில் பின் ஒழுங்காக இருக்கிறது என்றால் வாதத்துக்கே இடமில்லை. தாத்தா காலத்துப் பழைய துப்பாக்கி என்பதும் தனியாக உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். சுட முடியுமா என்ற கேள்விக்குத் தடயவியல் நிபுணர் எழுதும் ஒரு வரியில்தான் வழக்கே நிற்கும்.

பழுதைவிட அவசரமானது, துப்பாக்கி இன்று உங்கள் பரணில் இருப்பதுதான். தாத்தாவின் உரிமம் அவருக்கு மட்டுமே உரியது. வாரிசுக்குத் தானாக மாறாது. உரிமமின்றி வைத்திருப்பதற்கு மட்டுமே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. எனவே ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய உரிமப் புத்தகம் ஆகியவற்றுடன், 21ஆம் பிரிவின்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ எழுத்துபூர்வமாக ஒப்படையுங்கள். துப்பாக்கியின் எண், இப்போதைய நிலை, உடைந்த பாகம் எல்லாம் குறிப்பிடப்பட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

அதன்பின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். மாவட்டங்களில் ஆட்சியரும், மாநகர எல்லைக்குள் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள். காவல்துறை 30 நாளில் அறிக்கை தர வேண்டும், அது கிடைத்த 60 நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று விதி அழகாகச் சொல்கிறது. நடைமுறையில் கோப்பு எந்த மேசையில் உறங்குகிறது என்று கண்டுபிடிப்பதே விண்ணப்பதாரரின் தலையெழுத்தாகிவிட்டது. நேர்மையாக ஒப்படைக்க வருபவரைக் குற்றவாளியைப் போல நிற்கவைத்து விசாரிக்கும் நிலையங்களும் உண்டு. மக்கள் பரணை நம்புவதற்கும் தரகரை நாடுவதற்கும் இந்த அலைக்கழிப்பே காரணம். சட்டத்தைக் கடுமையாக்கியவர்கள் இதைச் சீர்செய்ய அதே அக்கறையைக் காட்டவில்லை.

அதற்காகத் தரகரிடம் போய்விடாதீர்கள். ‘வெளிமாநில உரிமம், அகில இந்தியாவுக்கும் செல்லும், நேரில் வரவே வேண்டாம்’ என்பதுதான் இவர்களது வழக்கமான பாட்டு. ஜம்மு காஷ்மீரில் தகுதியற்ற வெளியூர்க்காரர்களுக்கு உரிமங்கள் வழங்கப்பட்ட விவகாரத்தை சிபிஐயே விசாரித்தது. நீங்கள் வசிக்காத ஊரின் முகவரியில் வாங்கிய உரிமம், ஆயுத உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண்ணோடு (யூஐஎன்) வந்தாலும், பொய்த் தகவல் தந்து பெற்றது என்ற குற்றத்திலிருந்து தப்பாது. வழக்கு வரும் நாளில் பணம் வாங்கியவர் கைபேசியை அணைத்துவிடுவார். கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

உரிமம் கிடைத்த பிறகும் பழுது வேலை, பழுதுபார்க்க உரிமம் பெற்ற கடையில்தான் நடக்க வேண்டும். அங்கே தோட்டா அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) நீளத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய இங்கிலாந்துத் தயாரிப்புகள் பலவற்றில் அது 65 மி.மீ.; இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்கள் 70 மி.மீ. அந்த நீளம் வெடித்து விரிந்த பிறகுள்ள அளவு என்பதால், சுடாத தோட்டா சின்ன அறைக்குள்ளும் சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போதுதான் தோட்டாவின் வாய் விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். நீங்கள் சுடப்போவதில்லை என்றாலும், உங்களுக்குப் பின் அதை எடுப்பவர் சுடக்கூடும். ஆகவே அந்த அளவைக் கடைக்காரரிடம் எழுதி வாங்கி உரிமப் புத்தகத்தோடு வைத்திருங்கள்.