“இது ஊழியம், வேலை இல்லையே!” என்கிறார் தலைவர்

கேள்வி: ஹட்டனுக்கு அருகே இயங்கும் சிறிய கிறிஸ்தவத் தொண்டு அமைப்பொன்றுக்கு நான் செயலாளர். தோட்டப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, முதியோருக்கு மதிய உணவு, பெண்களுக்குத் தையல் பயிற்சி நடத்துகிறோம். முன்பு எட்டுப் பேர் வேலை செய்தார்கள், ஐந்து மாதமாகப் பதினொரு பேர். மாதம் 24,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்து, அதில் தசமபாகத்தை (சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை) கழித்துக்கொள்கிறோம். ஒரு சகோதரி ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) கேட்டபோது தலைவர், “இது ஊழியம், வேலை இல்லையே” என்று முடித்துவிட்டார். பத்து நாளைக்கு முன் பொலிஸார் வந்து, அமைச்சின் அனுமதி இல்லாமல் மண்டபத்தில் வகுப்பு வைக்கக் கூடாது என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். பாராளுமன்றச் சட்டம் மூலம் பதிவு செய்தால் இந்தத் தொல்லை இருக்காது என்கிறார்கள் சிலர். என்ன செய்யலாம்?

பதில்: அன்பின் வாசகருக்கு,

கடிதத்தில் நடுவில் சொன்ன பொலிஸ் விடயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறோம். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதற்கு, சம்பவம் நடந்ததிலிருந்து ஒரு மாதம்தான் அவகாசம். பத்து நாள் ஏற்கெனவே போய்விட்டது.

அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தருகிற சலுகை இது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முறைப்பாட்டுக்குக் கிடைத்த ரசீதை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு ஆறு மாதம் சும்மா இருப்பார்கள். பிறகு நீதிமன்றத்தில், விசாரணை உண்மையில் நடந்ததா என்ற கேள்வி வரும். ஆகவே விசாரணை ஆரம்பித்து நிலுவையில் இருப்பதாக ஆணைக்குழுவிடமிருந்து கடிதம் கேட்டு வாங்குங்கள். வழக்குப் போடும் எண்ணம் இப்போது இல்லாவிட்டாலும் முறைப்பாட்டைச் செய்துவையுங்கள், செலவில்லை.

பொலிஸார் எந்த அமைச்சின் அனுமதியைச் சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் அடிபடுவது 2008 ஒக்டோபரில் சமய விவகார அமைச்சு விட்ட சுற்றறிக்கை. அது புதிதாக வழிபாட்டுத் தலங்கள் கட்டுவதைப் பற்றியது. ஏற்கெனவே இருக்கும் மண்டபத்தில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்பது வழிபாட்டுத் தலம் கட்டுவதாகாது. ஆனால் வந்த உத்தியோகத்தரிடம் இதை வாதாடிப் பயனில்லை. “எந்தச் சுற்றறிக்கை, எந்தப் பிரிவு, எழுத்தில் தர முடியுமா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். வந்த நேரம், வந்தவர்களின் பெயர் அல்லது இலக்கம், கூட இருந்த கிராம உத்தியோகத்தர், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி, பார்த்த இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுத்தில் எதுவும் தராவிட்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்து, உங்களுக்கு எதிரான முறைப்பாட்டின் பிரதியையும் அந்தச் சுற்றறிக்கையையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

நிலையத்துக்குக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தால் மலையகத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு “இங்கே சைன் பண்ணுங்க” என்பார்கள். வாசித்துப் புரியாத தாளில் கையெழுத்துப் போட வேண்டாம். தமிழில் எழுதச் சொல்லலாம், அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. தமிழ் தெரிந்தவர் இல்லை என்றால், வாசித்து விளக்கப்பட்டது என்ற குறிப்போடு மட்டும் ஒப்பமிடுங்கள்.

வகுப்பின் மீது புகார் எங்கிருந்து முளைக்கிறது என்பதையும் பாருங்கள். ஞாயிறு பாடசாலைக்கு வருகிற பிள்ளைக்குத்தான் கொப்பியும் பிஸ்கட்டும் என்ற வழக்கம் எங்கேயாவது இருந்தால் இன்றே நிறுத்துங்கள். வகுப்பு நேரமும் ஜெபக் கூட்ட நேரமும் தனித்தனியாக இருக்கட்டும், வரவுப் பதிவேடும் தனி. பெற்றோரிடம் ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்குங்கள்: என்ன பாடம், எத்தனை மணி, மத வழிபாட்டில் சேருவது கட்டாயமில்லை. மண்டபம் தோட்டக் காணியில் இருந்தால், “தொரை (தோட்ட முகாமையாளர்) சொன்னார்” என்பது போதாது. தோட்டங்களின் நிலம் அரசுக்குரியது, 1992இலிருந்து கம்பனிகள் குத்தகைக்கு நடத்துகின்றன. கம்பனியின் கடிதத் தலைப்பில் அனுமதி இல்லாவிட்டால், அடுத்த தொரை வந்ததும் பூட்டு மாட்டலாம்.

இனி தலைவர் சொன்னதற்கு வருவோம். ஊழியமா, வேலையா என்பதைத் தொகைக்கு வைத்த பெயர் தீர்மானிக்காது. குறித்த நேரத்துக்கு வர வேண்டும், ஒருவர் மேற்பார்வை செய்கிறார், மாதம் தவறாமல் ஒரே தொகை போகிறது என்றால், அவர் பணியாளர். ஊக்கத்தொகை என்றாலும் காணிக்கை என்றாலும் தொழில் திணைக்களத்துக்கு அது சம்பளம்தான். உண்மையான தொண்டர் யார்? பஸ் டிக்கெட்டைக் காட்டி அந்தக் காசை மட்டும் வாங்குகிறவர், வராத நாளுக்கு யாரும் கணக்குக் கேட்காதவர். சபையின் போதகரை இந்தப் பட்டியலில் கலக்க வேண்டாம், அவர் சபையின் கணக்கில் இருக்கட்டும்.

தலைவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அது காலாவதியாகிவிட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு ஊழியர் சேமலாப நிதியில் விலக்கு உண்டு. எட்டுப் பேர் இருந்தபோது நீங்கள் கட்டாததில் தவறில்லை. பத்தாவது ஆள் சேர்ந்த மாதத்திலிருந்து கடமை வந்துவிட்டது. பகுதிநேரமாக வரும் மாலை வகுப்பு ஆசிரியரும் தற்காலிகச் சமையற்காரரும் இந்த எண்ணிக்கையில் அடங்குவார்கள்.

தொகையைப் பார்ப்போம். 24,000 என்பதே இப்போது செல்லாது. 2026 ஜனவரியிலிருந்து தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதை வைத்து ஒரு சகோதரியின் சம்பளச் சீட்டை எழுதினால் இப்படி வரும்: அவர் பங்கு 8 வீதம், 2,400 ரூபாய் கழித்து, கையில் 27,600. அமைப்பு தன் பங்காக 12 வீதம், 3,600 போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 6,000 ஈ.பி.எஃப்புக்கு. அதற்கு மேல் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900 ரூபாய்; இது முழுக்க அமைப்பின் பொறுப்பு, சம்பளத்தில் தொடக் கூடாது. ஆக, ஒருவருக்கு அமைப்பின் செலவு 34,500.

தசமபாகத்தைச் சம்பளச் சீட்டிலேயே கழிப்பதை விட்டுவிடுங்கள். முழுச் சம்பளம் அவர் கைக்குப் போகட்டும், காணிக்கைப் பையில் போடுவது அவர் விருப்பம். முதலாளியே கழித்துக்கொண்டால் அது காணிக்கையும் இல்லை, முறையான கழிவும் இல்லை.

ஒவ்வொரு மாதப் பணமும் அடுத்த மாதக் கடைசி வேலை நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் மிகைக்கட்டணம்: பத்து நாள் வரை 5 வீதம், ஒரு மாதம் வரை 15, மூன்று மாதம் வரை 20, ஆறு மாதம் வரை 30, ஓராண்டு வரை 40, அதற்கு மேல் 50. பதினொரு பேருக்கு 66,000 ரூபாய்ச் செக் ஐந்து வாரம் பிந்தினால் 13,200 தண்டம். செக்கில் கையெழுத்திடும் பொருளாளர் கொழும்பில் இருந்துகொண்டு மாதக் கடைசியில் மட்டும் வருகிற அமைப்புகளில் இது சாதாரணமாக நடக்கும். மாதத்தின் 15ஆம் திகதியை உங்கள் உள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மாத நிலுவையில் ஒரு கசப்பான விடயம் இருக்கிறது. அந்த மாதங்களில் கழிக்காத 8 வீதத்தை இப்போது பணியாளரின் சம்பளத்தில் பிடிக்க முடியாது, 20 வீதமும் அமைப்பின் தலையில். பரிசோதகர் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே தொழில் அலுவலகத்துக்குப் போய் டி படிவத்தில் பதிவு செய்து, நிலுவையைத் தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள். கட்டாமல் விட்டால் விடயம் நீதவான் நீதிமன்றம் வரை போகும், பொறுப்பில் இருப்பவர்களின் பெயரும் சேர்ந்து வரும். செயலாளர் என்றபடியால் உங்கள் பெயரும்.

பதிவின்போது பணியாளரின் பெயரில் மிகக் கவனம் தேவை. அடையாள அட்டையில் “ராமசாமி செல்வராணி”, பிறப்புச் சான்றிதழில் “செல்வராணி”, பேங்கில் கணவர் பெயரோடு “செல்வராணி முருகேசு” என்று மூன்று விதமாக இருப்பது நம் பக்கத்தில் வழமை. முன்பு தோட்டத்தில் வேலை செய்தவராக இருந்தால், அங்கே கணக்கப்பிள்ளை எழுதிய நாலாவது பெயரும் ஈ.பி.எஃப்பில் இருக்கும். இவர் 50 வயதில் பணத்தை எடுக்கக் கே படிவம் கொண்டுபோகும்போது இது இவர்தானா என்று திருப்பி அனுப்புவார்கள். அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பதியுங்கள். பழைய ஒன்பது இலக்கமும் ஆங்கில எழுத்துமான அட்டையை மாற்றிப் பன்னிரண்டு இலக்க அட்டை எடுத்தவராக இருந்தால் இரண்டின் பிரதியையும் கோப்பில் வையுங்கள். பி காட் (அங்கத்தவர் அட்டை) வந்ததும் அவரவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பணியாளர்களுக்கு இதனால் என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 2,400 கழிந்தது மட்டும்தான் தெரியும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் முழுத்தொகையை எடுக்கலாம். பத்தாண்டு சேவையும் கணக்கில் 3 இலட்சமும் இருந்தால் வீட்டுக்கோ சிகிச்சைக்கோ 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்கலாம். ஈ.டி.எஃப்பில் மரணக் கொடுப்பனவு, இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்வில்லைக்கும் உதவி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்த பிள்ளைகளுக்குப் பணம் எல்லாம் உண்டு. அங்கத்தவர்கள் விண்ணப்பிக்காமலே விடுவதுதான் அதிகம்.

பணிக்கொடைச் சட்டம் 15 பேர் உள்ள இடத்துக்குத்தான் கட்டாயம்: ஐந்தாண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். நீங்கள் அந்த எல்லைக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் தலைக்கு மாதம் 1,250 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வைப்பது நல்லது. நியமனக் கடிதம் எல்லோருக்கும் கொடுங்கள். ஆண்டு விடுமுறை 14 நாள், அமய விடுமுறை 7 நாள், பிரசவ விடுமுறை 84 நாள் என்று அதில் எழுதிவிட்டால் பிறகு கூட்டத்தில் சண்டை வராது.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். பணிக்கொடையையும் சேர்த்தால் ஒருவருக்கு 35,750, பதினொரு பேருக்கு 393,250. இப்போது கொடுப்பது 264,000. இடைவெளி 129,250. நன்கொடை தருகிற சபைகளுக்கு எழுதும்போது “ஊழியர் கொடுப்பனவு” என்று ஒற்றை வரி போடாமல், சம்பளம், 12 வீதம், 3 வீதம், பணிக்கொடை என்று நான்கு வரியாக எழுதுங்கள். சட்டப்படி கட்டியே ஆக வேண்டியது என்று தெரிந்தால் அந்த வரியில் கைவைக்கத் தயங்குவார்கள். பக்கத்து ஊர் அமைப்புகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே கணக்காளரைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்படியும் முடியாவிட்டால், பதினொரு பேரை அரைகுறையாக வைத்திருப்பதைவிடத் தையல் பயிற்சியை ஓராண்டு நிறுத்திவைப்பது மேல் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பாராளுமன்றச் சட்டம் மூலம் பதிவது உங்களுக்கு வேண்டாம். 2001இலும் 2003இலும் இப்படி வந்த கிறிஸ்தவ அமைப்புகளின் சட்டமூலங்களை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்மானித்தது. மதத்தைப் பரப்புவதையும் பொருளுதவி செய்வதையும் ஒரே அமைப்பின் நோக்கமாகச் சேர்த்ததே முக்கிய காரணம். அவற்றில் ஒன்று மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியரின் சட்டமூலம். அவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போக, மதச் சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டன என்று 2005இல் அந்தக் குழு சொன்னது. இங்கே தீர்மானம் மாறவில்லை.

உங்கள் அளவுக்கு இரண்டு வழி பொருந்தும். 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதியலாம். அல்லது 2007ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகலாம். அதற்கு ஆண்டுதோறும் கணக்காய்வு வேண்டும், செலவு கூட. முதலாவதே போதும் என்போம். எதுவானாலும் நோக்க வாசகத்தில் “நற்செய்தியை அறிவித்து ஏழைகளுக்கு உதவுதல்” என்று எழுதிவிட வேண்டாம். “நுவரெலியா மாவட்டத் தோட்டக் குடும்பங்களுக்கு மத, இன பேதமின்றிக் கல்வி, உணவு, தொழிற்பயிற்சி அளித்தல்” என்று எழுதுங்கள். நற்செய்தி அறிவிப்பது சபையின் யாப்பில் இருக்கட்டும், வழிபாட்டுக்கும் போதனைக்கும் அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகளின் காப்பு உண்டு.

சட்ட உதவிக்கு என்.சி.ஈ.ஏ.எஸ்.எல் (இலங்கைத் தேசிய கிறிஸ்தவ சுவிசேஷக் கூட்டமைப்பு) அமைப்பின் மதச் சுதந்திரப் பிரிவு இத்தகைய சம்பவங்களைப் பதிவு செய்து வழக்கறிஞர்களோடு இணைத்துவிடுகிறது. கத்தோலிக்க அமைப்பென்றால் கண்டியில் கரிட்டாஸின் செட்டிக் நிலையத்தில் கேட்கலாம். வசதி குறைந்த பணியாளர் தனியாகச் சட்ட ஆலோசனை பெறச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஈ.பி.எஃப் கேட்ட சகோதரியை அதற்காக நிறுத்தும் யோசனை யாருக்காவது இருந்தால், இதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

தொழில் அலுவலகத்துக்குப் போகும் நாளில் அமைப்பின் பதிவுச் சான்று அல்லது யாப்பு, பேங்க் கூற்று, பதினொரு பேரின் அடையாள அட்டைப் பிரதி, ஒவ்வொருவரும் சேர்ந்த திகதி, ஐந்து மாத வவுச்சர்கள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். வவுச்சரில் “ஊக்கத்தொகை” என்று எழுதியிருப்பதை அழித்துத் திருத்த வேண்டாம், அப்படியே காட்டுங்கள்.