கட்டிக்குச் சர்க்கரைப் பசி எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். வாய், தொண்டைப் புற்றுநோய் பற்றிக் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சர்க்கரையைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் வைத்தியம் பார்ப்பவன் அல்ல. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம்தான் பேச வேண்டும்.

பெரம்பூரிலிருந்து ஒருவர்: அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய், ரேடியேஷன் போய்க்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு அம்மா சோறு, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். சர்க்கரை போகாவிட்டால் கட்டி பட்டினியில் செத்துவிடுமாம். உண்மையா?

இல்லை. கட்டிக்கு முன்னால் அப்பாதான் பட்டினி கிடப்பார். சாப்பாட்டில் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலும் ரத்தத்தில் சர்க்கரை தீர்ந்துபோகாது. கல்லீரல் தசைப் புரதத்தை எடுத்துக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். மூளை அதை நம்பித்தான் ஓடுகிறது. கட்டியும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். போதாததற்கு குளூட்டமின் என்ற அமினோ அமிலம், கொழுப்பு என்று வேறு எரிபொருளுக்கும் மாறிக்கொள்ளும். கடைசியில் கரைவது அப்பாவின் தொடையும் தோளும்தான். ரேடியேஷனில் வாய் புண்ணாகி விழுங்கவே முடியாத நேரத்தில் எடை வேறு குறைந்தால், சிகிச்சையை நடுவில் நிறுத்தவேண்டிய நிலை வரலாம். கஞ்சி, குழைந்த சோறு, முட்டை, பருப்பு, தயிர் என்று எது இறங்குகிறதோ கொடுங்கள். மூக்கு வழியாக டியூப் போடலாம் என்று டாக்டர் சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீர்கள். அம்மாவிடம் கோபப்படாமல் சொல்லுங்கள், அவர் பிரியத்தில்தான் செய்கிறார்.

போரூர், எம்.எஸ்சி. மாணவி: கட்டி குளுக்கோஸை அதிகம் எடுக்கிறது என்று படித்திருக்கிறேன் சார். அதற்கும் வளர்ச்சிக் காரணிகளுக்கும் என்ன தொடர்பு?

நல்ல கேள்வி அம்மா, மற்ற எல்லாப் பதில்களும் இதில்தான் தொங்குகின்றன.

1920களில் பெர்லினில் ஓட்டோ வார்பர்க் ஒன்றைக் கவனித்தார். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் புற்றுத் திசு குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக்கி வெளியே தள்ளியது. முழுதாக எரித்தால் ஒரு குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 30 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) கிடைக்கும், பாதியில் விட்டால் நிகரமாக 2தான். செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதாகியிருக்க வேண்டும் என்று வார்பர்க் நினைத்தார். ஆனால் பெரும்பாலான கட்டிகளில் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி? செல்லுக்கு அப்படி உத்தரவு வருகிறது.

தலை, கழுத்துப் புற்றுநோயில் அந்த உத்தரவு வரும் முக்கியமான வழி ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி. ஸ்டான்லி கோஹன் கண்டுபிடித்த ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, அதாவது செல்லை வளரச் சொல்லும் புரதம், வந்து ஒட்டும் இடம் அது. அந்த வேலைக்கு 1986இல் அவருக்கு ரீட்டா லெவி-மொண்டால்சினியோடு நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணத் தோல் செல்லில் காரணி வரும்போது ஏற்பி விழிக்கும், வேலை முடிந்ததும் அடங்கிவிடும். இந்தப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் ஏற்பி அளவுக்கு மீறி இருக்கிறது, போதாக்குறைக்குக் காரணியையும் கட்டியே சுரந்துகொள்கிறது. அபார்ட்மெண்டில் காலிங் பெல் சுவிட்ச் உள்ளே போய் மாட்டிக்கொண்ட மாதிரி, வாசலில் யாரும் இல்லாமலே அடித்துக்கொண்டிருக்கும்.

அந்தச் சத்தம் செல்லுக்குள் பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்ற சேதி கடத்தும் புரதங்கள் வழியாக வரிசையாக இறங்குகிறது. ஏகேடி, குளுக்கோஸை உள்ளே விடும் குளூட்-1 புரதங்களைச் செல்லின் மேல்பரப்புக்கு அனுப்புகிறது. எம்டார், ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தைக் கூடுதலாகச் செய்யவைக்கிறது. இந்த ஹிஃப் ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் நிலைக்கவேண்டியது. இங்கே ஆக்சிஜன் இருக்கும்போதே தலைதூக்குகிறது. அது குளூட்-1, சர்க்கரையைச் செல்லுக்குள் பிடித்துவைக்கும் ஹெக்சோகைனேஸ்-2, லாக்டேட்டை (லாக்டிக் அமிலத்தை) உண்டாக்கும் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ்-ஏ ஆகியவற்றின் மரபணுக்களை முடுக்கிவிடும். கதை முடிந்தது: உள்ளே வரும் சர்க்கரை கூடும், பிடித்துவைப்பது கூடும், லாக்டேட் வெளியேறுவதும் கூடும்.

ஏடிபி குறைந்தாலும் கட்டிக்கு நஷ்டமில்லை. பாதி வழியில் நிற்கும் மூலக்கூறுகளைக் கொண்டு புது டிஎன்ஏ, கொழுப்பு, அமினோ அமிலம் கட்டிக்கொள்ளும். வெளியே தள்ளிய அமிலமும் வீண்போகாது, கட்டியைத் தாக்க வரும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களை அது மந்தமாக்குகிறது.

உங்கள் செமினாருக்கு இரண்டு ஆய்வுகள். 2013இல் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் குழு, தலை கழுத்துப் புற்றுச் செல்களில் செடுக்சிமாப் என்ற மருந்தைக் கொடுத்து ஈஜிஎஃப்ஆரை அடக்கியதும், ஹிஃப்-1 வழியாக லாக்டேட் உற்பத்தி குறைவதைக் காட்டியது. இன்னொன்று 2008இல் வந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. ஈஜிஎஃப்ஆரின் கைனேஸ் வேலையை, அதாவது சேதியை உள்ளே கடத்தும் வேலையை, நிறுத்தினாலும் அந்தப் புரதம் சும்மா இருக்கவில்லை. எஸ்ஜிஎல்டி-1 என்ற இன்னொரு குளுக்கோஸ் கடத்தியைத் தாங்கிப்பிடித்துச் செல்லை உயிரோடு வைத்திருந்தது. அது புராஸ்டேட் புற்றுச் செல்களில் பார்த்தது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

வேளச்சேரி: அம்மாவுக்குப் பெட் ஸ்கேன். ஊசி போட்டபின் பேசக்கூடாது, எதையும் மெல்லக்கூடாது என்றார்கள். இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

ஊசியில் இருப்பது எஃப்டிஜி, கதிரியக்க ஃபுளோரின் ஏற்றிய போலிக் குளுக்கோஸ். குளூட்-1 வழியாகவே உள்ளே போகும். ஹெக்சோகைனேஸ் அதில் பாஸ்பேட்டை ஒட்டும். அதற்கு மேல் நகர வழியில்லாமல் செல்லுக்குள் மாட்டிக்கொள்ளும். மேலே மாணவிக்குச் சொன்ன அதே சங்கிலியைத்தான் ஸ்கேனில் வெளிச்சமாகப் பார்க்கிறோம். ஆனால் வேலை செய்யும் தசையும் சர்க்கரை எடுக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா பேசினால் குரல்வளைத் தசையும், மென்றால் தாடைத் தசையும் ஒளிரும். கட்டியும் அங்கேயே இருப்பதால் படம் பார்க்கும் டாக்டருக்குத் தலைவலி. ஸ்கேனுக்கு முன் சாப்பிடாமல் இருக்கச் சொல்வதும் இதற்குத்தான். சாப்பிட்டால் இன்சுலின் ஏறி, எஃப்டிஜி தசைக்குப் போய்விடும். ரத்தச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தால் பல இடங்களில் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். நீரிழிவு மாத்திரை, இன்சுலினை எப்போது எடுப்பது என்று அந்த சென்டரிலேயே முதல்நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆவடி: எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். இப்போது கன்னத்தில் புற்றுநோய். சர்க்கரை அதிகம் இருப்பதால் கட்டி வேகமாக வளருமா? மெட்ஃபார்மின் புற்றுநோய்க்கும் மருந்து என்கிறார்களே?

சார், இன்சுலினும் பிஐ3கே, ஏகேடி வழியாகத்தான் வேலை செய்கிறது. ஆகவே கட்டி வளரும் பாதையும் உங்கள் சர்க்கரை நோயின் பாதையும் ஓரிடத்தில் ஒன்றுதான். இதன் சிக்கலை மார்பகப் புற்றுநோய்க்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அல்பெலிசிப் மாத்திரையில் பார்க்கலாம். பிஐ3கேயை அடைத்ததும் பலருக்கு ரத்தச் சர்க்கரை எகிறியது. எகிறினால் கணையம் இன்சுலினைக் கொட்டும், அது அடைத்த பாதையை மறுபடி தட்டி எழுப்பும். எலிகளில் இதை 2018இல் தெளிவாகவே காட்டினார்கள்.

உங்கள் விஷயத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது அவசியம்தான், ஆனால் அதன் முதல் காரணம் ஆபரேஷன் புண் ஆறுவதும் தொற்று வராமல் இருப்பதும். மெட்ஃபார்மினை நீரிழிவுக்காகவே எடுங்கள். ஆய்வகத்தில் அது நம்பிக்கை தருகிறது என்பதற்காகப் புற்றுநோய் மருந்தாக நினைத்து நீங்களே அளவைக் கூட்டவேண்டாம்.

தாம்பரம்: ஏற்பியை அடைக்கும் ஊசி இருக்கிறதே, அதை எல்லோருக்கும் போட்டால் முடிந்ததல்லவா?

அப்படி முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நீங்கள் சொல்லும் ஊசியான செடுக்சிமாபை ரேடியேஷனோடு சேர்த்தபோது, ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களைவிட நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். 2006இல் வந்த அந்த ஆய்வில் உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை (பாதிப் பேர் தாண்டிய அளவு) 29 மாதத்திலிருந்து 49 மாதமானது. ஆனால் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் ரேடியேஷனும் ஏற்கெனவே கொடுக்கும்போது அதன் மேல் செடுக்சிமாபைச் சேர்த்ததில் ஆதாயம் கிடைக்கவில்லை. நம் நாட்டில் நிமோடுசுமாப் என்ற இதே வகை மருந்தை மும்பை டாடா மெமோரியலில் 536 பேரிடம் சோதித்தார்கள். நோய் திரும்புவது தள்ளிப்போனது, மொத்த ஆயுளில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை.

காரணம், மேலே பெல்லை நிறுத்தினாலும் கீழே பிஐ3கேயிலேயே மரபணு மாற்றம் இருந்தால் சத்தம் அங்கிருந்து தொடரும். வேறு ஏற்பிகளும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். நுரையீரல் புற்றுநோயில் நன்றாகப் பலிக்கும், ஈஜிஎஃப்ஆரை அடக்கும் மாத்திரைகள் இங்கே அவ்வளவாகப் பலிக்காததற்குக் காரணம் வேறு: அங்கே ஏற்பியே மாறியிருக்கும், இங்கே பெரும்பாலும் மாறாமல் எண்ணிக்கையில் மட்டும் பெருகியிருக்கும். ஊசி போட்டபின் முகத்தில் பரு மாதிரி வந்தால் பயப்படவேண்டாம், தோலிலும் அதே ஏற்பி இருக்கிறது. டாக்டரிடம் காட்டுங்கள், ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கொளத்தூர்: கொரோனா சமயத்தில் டிஆர்டிஓ கொண்டுவந்த 2-டிஜி பொடி புற்றுநோய்க்கானது என்கிறார்களே?

ஆமாம், அதுவும் போலிக் குளுக்கோஸ்தான். டெல்லியில் அதை மூளைக் கட்டிக்கு ரேடியேஷனோடு சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்; 2021 மே மாதம் கோவிட்டுக்கு அவசர அனுமதி வந்தது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அது வழக்கமான சிகிச்சை இல்லை.

ராயபுரம்: புகையிலை போட்டு வருவதும் ஹெச்பிவி வைரஸால் வருவதும் இந்த விஷயத்தில் ஒன்றா?

இல்லை. ஹெச்பிவி பெரும்பாலும் டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வருகிறது. அதில் ஈஜிஎஃப்ஆர் பொதுவாகக் குறைவு. அங்கே சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செடுக்சிமாப் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிஸ்பிளாட்டினே வென்றது. நம்மூரில் கன்னத்திலும் ஈறிலும் பார்ப்பது பெரும்பாலும் புகையிலை, பாக்கு வகை. புகையிலைப் புகை வாய்ச் செல்களில் ஈஜிஎஃப்ஆரை உசுப்பிவிடுவதை ஆய்வகத்திலேயே பார்த்திருக்கிறார்கள். சிகிச்சை நடக்கும்போது மாவாவை மெல்லுவது எதற்குச் சமம் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மறுபடி வேளச்சேரி: சிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இன்னொரு பெட் எடுத்துப் பார்த்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ரேடியேஷன் பட்ட இடத்தில் வீக்கம் இருக்கும், அங்கே வரும் வெள்ளணுக்களும் சர்க்கரையை இழுக்கும். கட்டி இல்லாமலே படம் ஒளிரும், வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் போகும். பொதுவாக 12 வாரம் பொறுத்து எடுப்பார்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் உள்ள சிடி டிஸ்க்கையும் எடுத்துப்போங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் குறைந்ததா கூடியதா என்று சொல்லமுடியும்.